மல்லித்தண்ணி வாசம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கோட்டைப் பக்கம் ஒரு மொட்டைமாடி பாரில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மெல்பேர்னுக்குப் போகிறார், அவருக்குப் பிரியாவிடை. நான் இப்படியான இடங்களுக்கு அடிக்கடி போகிற ஆள் இல்லை. குடிவகைப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் நாலு வரியில் விளக்கம். புளி, பனங்கட்டி, விளாம்பழம், வல்லாரை என்று போகிறது. ஒரு நிமிடம் பலசரக்குக் கடைச் சிட்டையைத் தந்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

ஜின் போட்ட ஒன்றைக் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பையன் ஒரு கறிவேப்பிலை ஈர்க்கை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் ஒரே ஒரு அடி அடித்தான். கை தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது. பிறகு அதைக் கிளாஸின் விளிம்பில் செருகி என் பக்கம் தள்ளினான்.

“ஏன் தம்பி அதுக்கு அடிக்கிறீர்?”

“அடிச்சாத்தான் வாசம் வரும்ணே. கசக்கினா கசக்கும்.”

பேச்சிலேயே மலையகம் தெரிந்தது. ஹட்டன் பக்கமாம்.

கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனேன். தடிமன் பிடித்த நாட்களில் அம்மா அடுப்பில் வைத்த மல்லித்தண்ணியின் வாசம் அப்படியே வந்தது. மல்லியை வறுத்து, வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, ஒரு சருவச்சட்டி தண்ணீர் அரைச்சட்டியாக வற்றும்வரை கொதிக்க விடுவார். இந்த நாட்டில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோர் வீட்டிலும் சளிக்கு அதுதான் முதல் மருந்து. அதை ஐஸ் கட்டி போட்டு, காலிமுகத்திடல் காற்று வாங்கியபடி, என் ஒருநாள் சாப்பாட்டுக் காசைக் கொடுத்துக் குடிப்பேன் என்று அம்மாவிடம் யாராவது சொல்லியிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்.

அந்த வாசத்துக்குக் காரணம் இருக்கிறது. ‘கொழும்பு நம்பர் 7’ என்ற அந்த ஜின்னில் போடுவது ஏழு சரக்கு. ஜூனிப்பர், அஞ்சலிக்கா வேர், மல்லி, அதிமதுரம் என்ற நான்கும் உலகத்தில் எந்த ஜின்னிலும் இருக்கக்கூடியவை. மற்ற மூன்றும் கறுவாப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை. கொழும்பு 7 என்பது கறுவாத்தோட்டம் என்ற பகுதியின் தபால் இலக்கம் என்பதால் பெயரில் ஒரு சிலேடையும் உண்டு. ரொக்லண்ட் என்ற கம்பனியின் தயாரிப்பு. 1924-இல் தொடங்கிய குடும்ப நிறுவனம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல்கள் ஒழுங்காக வராமல் போக, ஐரோப்பியச் சரக்குகளுக்குத் தட்டுப்பாடு. கார்ல் டி சில்வா விஜேயரத்ன உள்ளூர் வாசனைத் திரவியங்களை வைத்து ஜின் வடிக்கத் தொடங்கினார் என்பது அவர்கள் சொல்லும் கதை. பல பத்தாண்டுகள் கழித்து, உலகமெங்கும் ஜின் பைத்தியம் பிடித்த காலத்தில், அந்தப் பழைய செய்முறையைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

இல்லாமையில் பிறந்த சரக்கு. அதனால்தான் இந்தக் கதையை நான் நம்பத் தயாராக இருக்கிறேன். ஏனென்றால் அதே கூத்து என் கண்முன்னே இரண்டாம் தரமும் நடந்தது. 2022-இல் நாட்டில் டொலர் இல்லை. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அந்த நிலைமையில் இத்தாலியக் கசப்பு மதுவுக்கும் பிரெஞ்சு ஒரேஞ்ச் லிக்கருக்கும் யார் டொலர் கொடுப்பது? ஹட்டன் பையன் அப்போது வேறொரு ஹொட்டேலில் உதவியாளனாக இருந்தானாம். “ஷெல்ஃபுல போத்தல் ஒண்ணொண்ணா காலியாகுது. மாத்துப் போத்தல் வரல. மெனுவுல பாதிய வெட்டிட்டோம். அப்புறம் செஃப்கிட்ட போயி, என்ன இருக்குன்னு கேட்டோம். புளி இருக்குன்னாரு.”

புளியில்தான் தொடங்கியிருக்கிறார்கள். புளிப்புக்கு எலுமிச்சைக்குப் பதில் புளிக்கரைசல், இனிப்புக்குக் கித்துள் பாணி, கசப்புக்குச் சாராயத்தில் ஊறப்போட்ட பட்டைகளும் வேர்களும். முக்கியமாக, அடிச்சரக்கே மாறியது. அதுவரை இப்படியான இடங்களில் தென்னஞ்சாராயத்தை ஒரு மூலையில், வெள்ளைக்காரர் கேட்டால் காட்டுவதற்கு வைத்திருப்பார்கள். சாராயம் என்றால் வைன் ஸ்டோர்ஸ் கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போகிற சாமான். கல்யாண வீட்டுப் பின்பக்கத்தில் ஜிஞ்சர் பியரோடு கலந்து, கடலையும் பொரித்த நெத்தலியும் ‘பைட்ஸ்’ ஆக வைத்துக்கொண்டு குடிப்பது. அது நெருக்கடிக்குப் பிறகு மேசையின் நடுவுக்கு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் நெருக்கடி செய்ததாகச் சொன்னால் அதுவும் பிழை. தெற்கே ஹிரிக்கெட்டியவில் ‘ஸ்மோக் அண்ட் பிட்டர்ஸ்’ என்ற பார் உள்ளூர்ச் சரக்குகளை வைத்தே ஆசியாவின் சிறந்த 50 பார்களின் பட்டியலில் இடம்பிடித்தது. கடற்கரைக் கிராமத்தில் செய்ய முடிந்தால் கொழும்பில் ஏன் முடியாது என்ற ரோசமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

அன்றிரவு கூட்டம் குறைவு. பையன் எனக்கு ஒரு வித்தை காட்டினான். ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் சாராயம். அதன்மேல் வெள்ளையாக ஒரு விரற்கடைத் தடிப்பில் ஏதோ உறைந்துபோய் இருந்தது. கத்தி முனையால் குத்தித் தூக்கினான். அப்பளம் மாதிரி முழுசாக வந்தது. தேங்காயெண்ணெய். இளஞ்சூட்டில் எண்ணெயைச் சாராயத்தில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சில மணித்தியாலம் விட்டு, பிறகு குளிரில் வைத்துவிட வேண்டுமாம். எண்ணெய் தன் வாசனையைச் சாராயத்துக்குக் கொடுத்துவிட்டு மேலே உறைந்துவிடும். எடுத்து எறிந்துவிட்டுத் துணியில் வடிகட்டினால் சரி. தேங்காயெண்ணெய் 24, 25 பாகையில் உறையும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, நுவரெலியாவில் பெரியம்மா வீட்டுக் குளியலறையில் படித்தேன். காலையில் தலைக்கு வைக்கப் போனால் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தாலும் வராது. அந்த அறிவுக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று தெரிய முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்து தேயிலை ஊறிய சாராயம். சிவப்பாக, தெளிவாக இருந்தது. “எங்கம்மா கொழுந்து எடுக்கிறவங்க. இதப் பாத்தா நல்ல தேயிலைய இப்பிடிப் பாழாக்குறியேன்னுதான் திட்டுவாங்க,” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்த கையோடு எனக்கும் ஆசை வந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கி, அரைப் போத்தல் சாராயத்தில் போட்டு, மூடி, அலுமாரிக்குள் வைத்தேன். மூன்று வாரம். ஊறுகாய் கணக்கு: அதிக நாள் இருந்தால் அதிக ருசி. திறந்தபோது கரும்பச்சையாக, நாட்டு வைத்தியர் வீட்டு எண்ணெய் மாதிரி ஒன்று இருந்தது. மனைவி மணந்து பார்த்துவிட்டு, “இதென்னப்பா, மூட்டுவலிக்குப் பூசவோ?” என்று கேட்டாள். குடித்துப் பார்த்தேன். பூசத்தான் சரி.

பையனிடம் பிறகு கேட்டபோது தலையில் கை வைத்தான். பச்சை இலையென்றால் சில மணித்தியாலம் போதுமாம். அதற்கு மேல் விட்டால் பச்சையமும் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும். ஜின்னில் அந்தப் பிரச்சினை இல்லாததற்குக் காரணம் அது ஊறலோடு நிற்பதில்லை. சரக்குகளைச் செப்புப் பாத்திரத்தில் மதுவோடு சூடாக்குகிறார்கள். ஆவியாகி மேலே போவது மதுவும் வாசனை எண்ணெய்களும்தான். நிறமும் கசப்பும் அடிச்சட்டியில் கிடந்துவிடும். ஆவி குளிர்ந்து சொட்டும்போது முதலில் வருவதை ஒதுக்க வேண்டும், கடைசியில் வருவதையும் ஒதுக்க வேண்டும், நடுவில் வருவதுதான் போத்தலுக்குப் போகும். எங்கே வெட்டுவது என்பதை மூக்கும் நாக்கும் தீர்மானிக்கின்றன. வடிக்கிறவனின் கைவண்ணம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்த இரண்டு வெட்டுகளில் இருக்கிறது.

ஆனால் தென்னஞ்சாராயத்தில் கைவண்ணம் அதற்கும் வெகுமுன்னே, நிலத்திலிருந்து ஐம்பது அறுபது அடி உயரத்தில் தொடங்கிவிடுகிறது. கரையோர ரயிலில் வாதுவை தாண்டிக் களுத்துறை, பேருவளை என்று போகும்போது நிமிர்ந்து பாருங்கள். தென்னைகளின் தலைகளுக்கிடையே கயிறு கட்டியிருக்கும், கீழே ஒன்று காலுக்கு, மேலே ஒன்று கைக்கு. சீவுகிறவர் ஒருமுறை ஏறினால் இறங்காமலே மரத்துக்கு மரம் நடந்துபோவார். விரியாத பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவி, சொட்டுவதை முட்டியில் பிடிப்பது. காற்றில் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். கூட்டுப் போடத் தேவையில்லை, மா ஊறவைக்கத் தேவையில்லை. சில மணித்தியாலத்தில் கள்ளு. ஒரு நாளைக்குள் வடிக்காவிட்டால் வினாகிரி. விஸ்கிக்கும் ரம்முக்கும் கிடைக்கிற அவகாசம் இதற்கு இல்லை. வடித்த பிறகு ஹல்மில்ல மரப் பீப்பாக்களில் கிடக்கும். நம்மவர் சவண்டலை என்று சொல்லும் மரம்தான். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே திருகோணமலை மரம். ஓக் பீப்பாயில் கிடந்த சரக்குக்கு ஒரு பெருமை, எங்கள் சவண்டலையில் கிடந்ததற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு நெடுநாளாக ஆற்றாமை.

கடையில் சாராயம் என்று விற்பது எல்லாமே முழுக்கத் தென்னையிலிருந்து வந்ததும் இல்லை. சீனி ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த மதுவோடு கொஞ்சம் தென்னஞ்சாராயம் கலந்தவை மலிந்த விலையில் கிடைக்கின்றன. முழுத் தென்னை என்றால் லேபலில் அப்படியே சொல்லியிருப்பார்கள். இப்போது பார்களில் உள்ளவர்கள் அதைத் தேடி வாசிக்கிறார்கள். இந்த மாற்றம் ஒன்றுக்காகவே அவர்களுடைய நாலு வரி விளக்கங்களை நான் மன்னித்துவிடுவேன்.

‘கிராஃப்ட்’ என்ற சொல்லை இப்போது கொழும்பில் அடிக்கடி கேட்கிறேன். கைவினை மது, சின்னஞ்சிறு வடிசாலை என்றெல்லாம். உண்மையில் வடிசாலை அனுமதி உள்ளவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். லண்டனில் ஒருவர் அனுமதி எடுத்துத் தன் பின்வளவில் செப்புக் கலயம் வைத்துத் தொழில் தொடங்கலாம். இங்கே அதைச் செய்தால் அதற்குப் பெயர் கசிப்பு, பிடிக்க வருவது மதுவரித் திணைக்களம். 1912-இன் மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. சாராயத்தைப் பொறுத்தவரை அரசாங்கத்துக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: எவ்வளவு வரி வரும்? 19-ஆம் நூற்றாண்டில் விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். கொழும்பின் பெரிய வீடுகள் சிலவற்றின் முதல் முதலீடு அந்தக் குத்தகைப் பணம். அந்த வீட்டுப் பிள்ளைகளில் சிலரே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுவொழிப்பு மேடைகளில் ஏறியது இந்த ஊருக்கே உரிய அழகு. 1974-இல் அரசு வடிசாலைக் கூட்டுத்தாபனம் வந்தது. 1992-இல் அதையும் தனியாருக்கு விற்றார்கள்.

வரி இப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2023-இல் மட்டும் மதுவரி இரண்டு தரம் கூடியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 வீதமானது. நாட்கூலிக்காரர் கையில் சட்டபூர்வமான போத்தல் எட்டாமல் போனால் அவர் பால் குடிக்கப் போவதில்லை, கசிப்புக்குப் போவார். மேல்மாடியில் என் கிளாஸில் கறிவேப்பிலை மிதக்கிறதும் கீழே தெருவில் அவர் கண் மங்குகிறதும் ஒரே விலைப்பட்டியலின் இரண்டு பக்கம். அன்றிரவு இதை யாரிடமும் சொல்லவில்லை. பிரியாவிடை விருந்தில் சொல்கிற விஷயமா அது?

2006-ஆம் ஆண்டின் சட்டப்படி மதுவுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது. போயா என்ற பௌர்ணமி நாளில் யாருக்கும் விற்கக்கூடாது. இவை எனக்குப் புரிகின்றன. புரியாதது ஒன்று உண்டு. பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979-இல் ஒரு விதி. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே நீக்கிவிட்டார். அன்று எங்கள் மேசையில் இருந்த எட்டுப் பேரில் மூன்று பேர் பெண்கள். அவர்கள் கேட்டதைப் பையன் கலக்கிக் கொடுத்தான். மேல்மாடியில் யாருக்கும் அந்த விதி ஞாபகம் வருவதில்லை. அது வைன் ஸ்டோர்ஸ் வாசலில் நிற்கிற பெண்ணுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இனிச் சொல்லப் போவதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரன். எங்கள் பக்கம் தென்னை இரண்டாம்பட்சம், பனைதான். எங்கள் வளவில் நின்ற பதினெட்டுப் பனைகளை ஒருவர் சீவினார். விடிய முன்னம் வருவார், பின்னேரமும் வருவார். இடுப்பில் பாளைக்கத்தி, காலில் தளநார். முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காத, இனிக்கும் கருப்பணி, தடவாவிட்டால் கள்ளு. அவர் சீவும் சத்தத்தை வைத்தே எந்த மரத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவேன். எங்கள் அப்பாவை விட மூத்தவர். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவர் எங்களை ‘தம்பி’ என்றார், அப்பாவை ‘நயினார்’ என்றார். எங்கள் வீட்டுத் தண்ணீர் அவருக்கு வெளித்திண்ணையில்தான். அவர் இறக்கிய கள்ளைப் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்த மாமாமார் அவர் தொட்ட செம்பைத் தொடமாட்டார்கள். இது எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

பனை அபிவிருத்திச் சபை 1978-இல் வந்தது. எங்கள் பக்கத்தில் திக்கம் வடிசாலையும் வந்தது. பனஞ்சாராயத்துக்கு ஒரு பெயர் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்த காலம். பிறகு யுத்தம். எவ்வளவோ பனைகள் பதுங்குகுழிக்கு மேலே அடுக்கிய மரக்குற்றிகளாய்ப் போயின. சீவலுக்குப் போன பலருடைய பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஏன் வரவேண்டும்? உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கி, அதற்குப் பரிசாக ஊருடைய ஏளனத்தையும் வாங்குவதற்கா? தெற்கில் கயிற்றில் நடப்பவர்களும் குறைந்துவருகிறார்கள் என்கிறார்கள். பாரில் கலக்குகிற பையனுக்கு இப்போது ‘மிக்ஸோலஜிஸ்ட்’ என்று பட்டம், சஞ்சிகையில் படம். எனக்கு அதில் பொறாமை இல்லை, ஹட்டன் தோட்டத்து லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். மரத்தில் நின்றவருக்கு மட்டும் ஏன் ஒரு நல்ல பெயர்கூடக் கிடைக்கவில்லை?

சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனபோது அந்த ஜின் போத்தல் ஒன்றைக் கொண்டுபோனேன். அவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, காது நல்லாய்க் கேட்கிறது. மகன் பிரான்சிலிருந்து கட்டிக் கொடுத்த வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். “ஐயா” என்று கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய பேத்தி கிளாஸ் இரண்டு கொண்டுவந்து வைத்தாள். ஒரு மூடியளவு ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. முதலில் மணந்தார், உள்ளங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்து மறுபடி மணந்தார்.

“மல்லித்தண்ணியெல்லே தம்பி இது?”

“ஓம் ஐயா. மல்லி, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு வடிச்சது. கொழும்பிலை செய்யினம்.”

“சரி, போட்டது சரி. சாமான் எந்த மரம்?”

ஜின்னுக்கு மரம் இல்லை, வாசமே இல்லாத வெறும் மதுவில்தான் இதையெல்லாம் போடுகிறார்கள் என்று விளக்கத் தொடங்கினேன். இரண்டு வசனம் கேட்டார். பிறகு ஒரு மிடறு குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“குடிக்கலாம்,” என்றார். கிளாஸைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வளவில் கிணற்றடிப் பனை இன்னும் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றேன். அந்த மரத்துக் கள்ளு பங்குனியில் ஒரு மாதிரி, வைகாசியில் வேறு மாதிரி இருக்கும் என்று தொடங்கினார். பேத்தி விளக்கைப் போட்ட பிறகும் அவர் அந்த ஒரு மரத்தை விட்டு இறங்கவில்லை.